நெட்டையின் கால்சட்டை

ஊரிலேயே உயரமான ஆளுக்கு மூன்றாவது போகம் முடிந்தபோது தன் வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் எட்டவில்லை. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மக்காச்சோளம் போடுகிறவர் அவர். பட்டப்பெயர் நெட்டை. முழங்கால் உயரத்துக்கு வந்த பிறகும் ஊர் அவரை நெட்டை என்றுதான் கூப்பிட்டது. வைத்த பெயரை மாற்ற யாருக்கும் நேரமில்லை, எல்லோரும் உரக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஆரம்பம் உரத்தில்தான். ஒரு வருடம், முந்தின வருடம் இரண்டு மூட்டை வாங்கின காசுக்கு ஒரு மூட்டைதான் வந்தது. உரக்கடைக்காரர் கடன் கொடுப்பதையும் நிறுத்திவிட்டு, "எங்கயோ சண்டையாம், கப்பல் வரலையாம். நான் என்ன பண்ணட்டும்? என் வீட்டுத் தோட்டத்துக்கே நான் உரம் போடலப்பா" என்று எல்லோரிடமும் சொன்னார். அவர் வீட்டில் தோட்டமே கிடையாது. கிடைத்த உரத்தை நெட்டை சாலையோர வரிசைகளுக்குப் போட்டார். அந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். பஸ்ஸில் போகிறவனும் சைக்கிளில் போகிறவனும் பார்ப்பது அந்த வரிசையைத்தான், மனுஷனுடைய மரியாதை அங்கேதான் நிற்கிறது. உள் வரிசைகள் வெளுத்தன. ஒரு வாரம் வெறுங்காலோடு அவற்றுக்குள் நடந்து களை எடுத்தார். அவர் கால் பட்ட இடமெல்லாம் பயிர் கரும்பச்சையாகத் திரும்பியது. அதே வாரம் அவருடைய கால்சட்டை தரையில் புரள ஆரம்பித்தது.

"என்னங்க, காலுக்கடியில போகுது?" என்று மனைவி கேட்டார். வீட்டில் தையல் மெஷின் வைத்து ஊருக்குத் துணி தைத்துக் கொடுப்பவர், ஒரு விரற்கடை மாற்றம் வந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

"துவைச்சுத் துவைச்சுத் துணி நீண்டு போச்சு."

"துணி நீளுமா? சுருங்குறதைத்தான் நான் பாத்திருக்கேன்" என்றவர், அதற்குமேல் கேட்காமல் ஓரத்தை மடித்துத் தைத்துக் கொடுத்தார். வெட்டவில்லை. திரும்ப வளர்ந்தால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம் என்று உள்பக்கமாக மடித்தார்.

அடுத்த போகத்துக்கு நெட்டை உரக்கடைப் பக்கமே போகவில்லை. செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டுச் சோளக்காட்டுக்குள் இறங்கினார். இறங்கினவர் பழக்கதோஷத்தில் சாலையோர வரிசையிலிருந்துதான் நடக்க ஆரம்பித்தார். அவர் செய்த தப்பு அது ஒன்றுதான். அந்த வருடம் சுற்று வட்டாரத்தில் எந்தச் சாலையோரத்திலும் அப்படி ஒரு சோளம் நிற்கவில்லை. நிலத்துக்காரர் காரை விட்டு இறங்கும் வழக்கமில்லை. சாலையில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, கண்ணில் படுகிற வரிசையைப் பார்த்துக் குத்தகை சொல்லுவார். அன்றைக்கும் பார்த்தார். "மண்ணு பொன்னா இருக்கே நெட்டை! இதைப் போய்ப் பழைய குத்தகைக்கு விட்டா என்னைப் பைத்தியக்காரன்னு சொல்ல மாட்டாங்களா?" என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

குத்தகை கூடினதால் விளைச்சல் கூட வேண்டியிருந்தது. விளைச்சல் கூட அவர் இன்னும் அதிகமாக நடக்க வேண்டியிருந்தது. நடந்ததால் சோளம் நன்றாக வந்தது, நன்றாக வந்ததால் குத்தகை கூடியது. வருடங்கள் இப்படியே போயின. கால்சட்டையின் மடிப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்து, கடைசியில் துணியைவிட மடிப்பு கனமாக இருந்தது. மற்ற குத்தகைக்காரர்களும் செருப்பைக் கழற்றினார்கள். கூரையை முட்டுகிற ஆட்கள் எல்லாம் மேஜைக்கு அடியில் நடக்கலானார்கள். நாற்காலி செய்கிற தச்சர் கால்களைக் குட்டையாக அறுக்கப் பழகிக்கொண்டார். நிலம் வைத்திருந்தவர்கள் குத்தகை பேச வரும்போது அளவு நாடாவும் கொண்டு வந்தார்கள். இத்தனை அடிக்குக் குறைந்த ஆளுக்கு நிலம் கிடையாது என்று ஆனது. யாரும் சண்டை போடவில்லை. அளக்கும்போது குதிகாலை லேசாகத் தூக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நெட்டைக்கு ஒரே மகள். அப்பாவின் உயரம் அப்படியே வந்திருந்தது. நகரத்தில் நர்ஸ் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள், சோளத்தில் வந்ததெல்லாம் அவள் கல்லூரிக்குத்தான் போனது. நெட்டை ஒரு சாண் ஆனபோது நிலத்துக்காரரின் கார் வந்து நின்றது. அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் தேடினார்.

"எங்கப்பா இருக்க?"

"இங்கதாங்க ஐயா. டயருக்குப் பக்கத்துல."

"இனிமே உன்னால முடியாது. உன் பொண்ணு நல்ல உயரமாமே? அடுத்த போகத்துக்கு அவ இறங்கட்டும். இல்லைன்னா சொல்லு, நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

நெட்டை வீட்டுக்கு வந்து தையல் மெஷினின் மேல் ஏற்றிவிடச் சொன்னார். "அவ கால் அந்த மண்ணுல படக்கூடாது" என்றார். மனைவி, "அப்ப நிலத்தை விட்ருங்க" என்றார். "விட்டா படிப்பு?" என்றார் இவர். இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி இருந்தது. பிறகு நெட்டை, சாலையோர வரிசைகளைச் சாகவிடப் போவதாகச் சொன்னார்.

அவர் குள்ளமானதைவிட அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. நடுக்காட்டிலேயே நடந்தார், ஓரத்துப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாலையோரச் சோளம் மஞ்சளாகி, நுனி கருகி, காற்றில் காகிதம் மாதிரிச் சத்தம் போட்டது. பஸ்ஸில் போனவர்கள் ஜன்னல் வழியாகக் கூவினார்கள்: "என்ன நெட்டை, உன் சோளத்துக்கு மஞ்சக்காமாலையா? ஊருக்கே விவசாயம் சொல்லிக் குடுத்தியே!" அவர் ஒரு சோளத்தட்டைக்குப் பின்னால் நின்று அத்தனையும் கேட்டுக்கொண்டார். நிலத்துக்காரர் வந்தார், கண்ணாடியை இறக்கினார், முகத்தைச் சுளித்தார். "மண்ணு செத்துப்போச்சு. இதுக்குப் போய் யாரு வருவா? குத்தகையைக் குறைச்சுக் குடுத்துட்டு நீயே வச்சுக்க" என்றார். பெண்ணின் பேச்சை எடுக்கவில்லை. மஞ்சள் வரிசைகளுக்குப் பின்னால், இரண்டு கைக்கு அடங்காத கதிர்களோடு சோளம் நின்றது. மகளின் அந்த வருடக் கல்லூரிக் கட்டணம் கட்டியாயிற்று. அறுவடைக்குப் போன மனைவி கூப்பிட்டுக்கொண்டே நடந்து, ஒரு கதிரின் தோகைக்குள்ளிருந்து அவரைக் கண்டெடுத்தார். கட்டைவிரல் நகத்தளவு இருந்தார். நூல்கண்டின் மேல் உட்கார வைத்தார்கள், வசதியாகத்தான் இருந்தது.

ஆனால் மூட்டைகள் அந்தச் சாலை வழியாகத்தான் போக வேண்டும். எத்தனை வண்டி போனது என்று யாரோ நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டார்கள். குத்தகை பழையபடி ஏறியது, அதற்கு மேலும் ஏறியது. உரக்கடைக்காரரும் புது விலை எழுதி மாட்டினார், இந்தத் தடவை காரணம் சொல்லவில்லை. நெட்டையிடம் மண்ணுக்குக் கொடுக்க இனிக் குரலைத் தவிர எதுவும் இல்லை. மகளுக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது.

விடுமுறைக்கு வந்த மகள் வாசலில் பையை வைத்துவிட்டு அம்மாவையே பார்த்தாள். "என்னம்மா, பாவாடை தரையில புரளுது?"

"துவைச்சுத் துவைச்சுத் துணி நீண்டு போச்சு."

வரப்பின் மேல் அம்மாவின் செருப்பு கிடந்ததை வரும்போது பஸ்ஸிலிருந்தே பார்த்திருந்தாள். காட்டுப் பக்கம் போகத் திரும்பியவளிடம் நூல்கண்டிலிருந்து ஒரு சின்னக் குரல், "உக்காரு கண்ணு. நீ படிச்சு முடி" என்றது. உட்கார்ந்தாள். விடுமுறை முடிந்ததும் அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து, அம்மா பாவாடையை மெஷினில் விரித்தார்.

"மடிச்சுத் தை. வெட்டாத. பின்னாடி பிரிச்சுக்கலாம்" என்றார் நெட்டை.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று சொல்லிவிட்டு மனைவி கத்தரிக்கோலை எடுத்தார். நேராக, கோணாமல் வெட்டினார். வெட்டின துண்டு வீணாகவில்லை. அதில் நெட்டைக்கு அளவெடுத்த மாதிரி ஒரு கால்சட்டை வந்தது.