ஆபீசருக்குக் கெண்டை மீன்

"குழம்புக்கா, யாருக்காச்சும் குடுக்கவா?" என்று பொன்னுத்தங்கம் கேட்டாள். ஆனைக்குட்டம் அணையிலிருந்து வந்த உயிர்க்கெண்டைகள் வாளியில் துள்ளிக்கொண்டிருந்தன.

"ஆபீசருக்கு," என்றார் அவள் கணவர் தனுஷ்கோடி. "நாளைக்குச் சோதனைக்கு வாராக."

"அவுக போனதும் நம்ம சட்டிக்குத்தான வரும்?"

"அப்ப புளியைக் கரைச்சு வை." வாளியோடு போனார்.

விஸ்வநத்தத்தில் பட்டாசு சுற்றும் காகிதத்துக்குச் சாயம் ஏற்றும் கம்பெனி அவருடையது. சாயத்தண்ணீரைச் சுத்தம் செய்ய மூன்று தொட்டிகள் கட்டியிருந்தார். அவற்றை ஓட்டும் கரண்டையும் மருந்தையும் பார்த்தால் ஓட்டாததற்குக் கட்டும் அபராதம் மலிவு. மோட்டாரின் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. மாசுக்கட்டுப்பாட்டு ஆபீசர் வரும் சோதனை நாளுக்குக் கடைசித் தொட்டியில் லாரித் தண்ணீர் நிரப்பி மீன் விடுவார்கள்; அந்த வட்டாரமே அப்படித்தான். மீன் நீந்தினால் தண்ணீர் நல்ல தண்ணீர். நிஜத் தண்ணீர், அன்றைக்கு என்ன சாயமோ அந்த நிறத்தில், எல்லாக் கம்பெனிக்கும் பின்னால் ஓடும் ஓடையில் போகும்.

அன்று மீன்கள் மல்லாந்தன. நடுத்தொட்டியின் வால்வு கசிந்து கடைசித் தொட்டிக்குள் சாயம் இறங்கியிருந்தது. துணி வைத்து அடைக்க, பழைய பசையும் சாயமும் அழுகிக் கிடந்த நடுத்தொட்டிக்குள் தனுஷ்கோடி இறங்கினார். உள்ளே விஷக்காற்று. ஏறி வரவில்லை. கரைத்த புளி அடுப்படியில் அப்படியே இருந்தது.

பதினாறு கழிந்ததும் பொன்னுத்தங்கம் மோட்டார் உறையைத் தன் கையாலேயே கிழித்தாள். அவரைக் கொண்டுபோன தொட்டி, எதற்குக் கட்டினாரோ அந்த வேலையையாவது செய்யட்டும்.

பக்கத்துக் கம்பெனி ராஜபாண்டியன் ஓடி வந்தார். "மதினி, நீங்க மட்டும் ஓட்டுனா காகிதம் விலை ஏறும். ஆர்டர் பூராம் எங்கிட்ட வந்துரும்."

"அதை ஏன் அழுதுக்கிட்டுச் சொல்லுதீக? நீங்களும் ஓட்டுங்க."

"நான் ஓட்டுனா அடுத்தவன்ட்டப் போயிரும். எல்லாரும் ஓட்டுனா நானும் ஓட்டுதேன். அண்ணன் மேல சத்தியம்."

எல்லாரும் அதே சத்தியத்தைத்தான் செய்தார்கள். சங்கக் கூட்டத்தில் தனுஷ்கோடி படத்துக்கு மாலை போட்டு, தொட்டிகளுக்கு இரும்பு மூடி போட ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். மீனுக்குக் காற்று வேண்டுமே என்று ஒருவர் எழுந்தார். மூடியில் ஓட்டை வைப்பதென்று அதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

சீசனில் அவளுடைய ஆர்டரில் பாதி ராஜபாண்டியனுக்குப் போனது. அவள் மோட்டாரை நிறுத்தவில்லை. அடுத்த சோதனைக்கு வந்த ஆபீசர் கடைசித் தொட்டியை எட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

"தண்ணி இருக்கும்மா. மீனைக் காணுமே?"

அவள் அவரைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். குழாயிலிருந்து தண்ணீர் கண்ணாடி மாதிரி விழுந்துகொண்டிருந்தது. அது விழுந்த ஓடை, அன்றைக்கு ரோஸ் நிறம்.