மூன்றடுக்குக் கேக்கும் ஒரு மனுவும்

பெரியப்பாவின் காரில் ஏசி போட்டால் காற்று வரும், குளிர் வராது. காற்று வந்தாலே ஏசி ஓடுகிறது என்றுதான் அர்த்தம் என்பது பெரியப்பாவின் கட்சி.

வேறொரு நாளாக இருந்தால் இந்தக் கட்சிக்கு வீட்டில் எதிர்ப்பே இருந்திருக்காது. ஆழ்வார்குறிச்சியில் கார் வாங்குவது பெரும்பாலும் வாசலில் நிறுத்துவதற்காக. ஆனால் அன்று அக்னி நட்சத்திரத்தில் ஒரு சனிக்கிழமை. பெரியப்பா மகள் தேன்மொழி அக்கா செய்த மூன்றடுக்குக் கல்யாணக் கேக் ஃபிரிட்ஜுக்குள் இருந்தது. அதற்கு இடம் விட்டு வெளியேறிய தோசை மாவு அடுக்களையில் புளித்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தக் கேக் பாளையங்கோட்டையில், கிரேஸ் டீச்சர் மகளின் வரவேற்பு மேடையில் இருக்க வேண்டும். ஐம்பது கிலோமீட்டர். மேலே பூசியிருப்பது வெண்ணெய் கிரீம். மே மாத வெயிலில் வெண்ணெய் என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள எஞ்சினியரிங் படிக்க வேண்டியதில்லை.

நான் படிக்கிறேன். மூன்றாம் வருடம் மெக்கானிக்கல். தெர்மோடைனமிக்ஸ் இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் அரியர். எனவே கார்ச் சாவி என்னிடம் தரப்பட்டது.

பெரியப்பா சங்கிலிபூதத்தான் முன்பே தீர்ப்பு சொல்லியிருந்தார். இந்த ஆர்டர் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் அக்கா கேக் தொழிலைப் பார்க்கலாம். சொதப்பினால் ஓவனை விற்றுவிட்டு பி.எட். சேர வேண்டும். விண்ணப்பத்தை வாங்கி அவரே நிரப்பியும் வைத்திருந்தார். அக்கா கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் காலி.

"ஏலே நடராசு, சரியாயிருமாலே?" என்றாள் அக்கா.

"பாத்துட்டுச் சொல்லுதேன்."

குமிழைக் கடைசி நீலம் வரை திருகி, கண்ணாடிகளை ஏற்றி, வண்டியைக் கிளப்பினேன். இரண்டு நிமிடம் நிஜமாகவே குளிர்ந்தது. பிறகு ஏதோ வேலை ஞாபகம் வந்ததுபோல் குளிர் போய்விட்டது. வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது.

"கேஸ் தீந்திருக்கும். வேற ஒண்ணுமில்ல," என்றார் பெரியப்பா. கேட்பதற்கு முன்பே சொன்னார்.

காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். அது முன்சீட்டுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். பெட்டியைக் கழற்றியபோது லேமினேட் செய்த தாள் ஒன்று மடியில் விழுந்தது. பெரியப்பா பஞ்சாயத்து ஆபீசில் கொடுத்த மனுவின் நகல். 'பொதுச்சாலையில் உளுந்தஞ்செடிகளைப் பரப்பி, செல்லும் வாகனங்களை அவற்றின்மேல் ஏற வைத்து மணி பிரிக்கும் சமூக விரோதச் செயலைத் தடுக்கக் கோரி.' எங்கள் பக்கம் களத்துக்கு ஆள் கிடைக்காத எல்லோரும் செய்கிற சமூக விரோதம் இது. பஸ்ஸும் லாரியும் கூலி கேட்காமல் உதிர்த்துக் கொடுத்துவிட்டுப் போகும். மனுவில் பெயர் சொல்லப்பட்டிருந்த ஒரே விரோதி, பக்கத்து வயல்காரர் பூதலிங்கம்.

வடிகட்டி சுத்தமாக இருந்தது. காரை அம்பாசமுத்திரத்துக்கு, ரசீத் அண்ணன் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். வர வேண்டாம் என்று சொல்லியும் பெரியப்பா கூடவே வந்தார்.

ரசீத் அண்ணன் மீட்டரை மாட்டிப் பார்த்தார்.

"கேஸ் இருக்கு அண்ணாச்சி. அழுத்தந்தான் கண்டமானிக்கு ஏறுது. சூடு வெளிய போவ வழியில்லாம நிக்கி. வண்டிய எங்கன ஓட்டுனிய?"

"கோயிலுக்கு."

"எந்தக் கோயிலுக்கு?"

"கோயிலுக்குத்தாம்வே."

அண்ணன் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரைக் காரின் முகத்தில் பைய ஊற்றினார். உள்ளே உட்கார்ந்திருந்த எனக்குச் சில்லென்று காற்று வந்தது.

"வருதுண்ணே."

"வரும். முன்னால இருக்க, சூட்ட வெளிய விடுத கண்டென்சர்தான் அடச்சிருக்கு. அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளிக்கிடுங்க."

பெரியப்பா பம்பருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். வேட்டியை இரண்டு பக்கமும் அகலமாக விரித்துப் பிடித்திருந்தார். காற்றோட்டத்துக்கு என்றார். மறுபடி சொன்ன பிறகு தள்ளினார். அண்ணன் முன் கிரில்லைக் கழற்றி, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினார். பொலபொலவென்று கறுப்பாகத் தோலும் சருகும் கொட்டின. ஒரு பிடி அள்ளி ஊதிப் பார்த்தார். உள்ளங்கையில் நாலைந்து மணிகள் மிஞ்சின.

"உளுந்தம் பொட்டு."

மனு மடியில் விழுந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

"எவனாவது ரோட்டுல போட்டிருப்பான். அதுமேல போயிருப்போம்," என்றார் பெரியப்பா.

"ஒருக்க போனா இவ்வளவு சேராது அண்ணாச்சி. முன்னயும் பின்னயுமா ரெண்டு மணி நேரமாவது ஓட்டிருக்கணும்."

"ரெண்டு மணி நேரம்லாம் இல்ல," என்றார் பெரியப்பா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்குத் தெரிந்தது.

பம்பரை இறக்கி முழுசாகக் கழுவ ராத்திரி ஆகிவிடும் என்றார் ரசீத் அண்ணன். கைக்கு எட்டியதை மட்டும் எடுத்துவிட்டு வழி சொன்னார். "பத்துப் பதினஞ்சு கிலோமீட்டருக்கு ஒருக்க நிறுத்தி இதும்மேல தண்ணி ஊத்துங்க. குளிர் நிக்கும். ஆனா மறுபடி உளுந்துமேல மட்டும் ஏறிராதீங்க. இன்னும் ஒரு பிடி போச்சுன்னா நான் பொறுப்பில்ல."

மூன்று மணிக்கு வீடு திரும்பினோம். காரணத்தை அக்காவிடம் நான்தான் சொன்னேன். அவள் அப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, கேக் பெட்டியைப் பின்சீட்டில் ஏற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெரியப்பா முன்சீட்டில், காலுக்கிடையில் வாளி.

ஊரைத் தாண்டி அரை கிலோமீட்டர் போகவில்லை. சற்றுமுன் நாங்கள் வரும்போது காலியாகக் கிடந்த சாலை முழுக்க, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை உளுந்தஞ்செடி. புளியமரத்தடியில் பூதலிங்கம் உட்கார்ந்திருந்தார். பிரேக் போட்டேன்.

"சுத்திப் போலாம்லே," என்றார் பெரியப்பா.

"சுத்துனா முக்கா மணி நேரம். எறங்கிக் கேளுங்கப்பா," என்றாள் அக்கா.

பெரியப்பா இறங்கினார்.

"பூதலிங்கம், கொஞ்சம் ஒதுக்கித் தாரும். அவசரம்."

"ஏன், ஏறித்தான் போமே. செவ்வாக்கெழம மத்தியானம் இதே எடத்துல உம்ம உளுந்தப் பரப்பி நீரு ஏறலியா? ஊரே ஒறங்குதுன்னு நெனச்சீரு. நான் இந்த மரத்தடியிலதாம்வே படுத்துக் கெடந்தேன். ரிவர்ஸ் நல்லா எடுக்கீரு."

பெரியப்பா சாலையைப் பார்த்தார்.

"எம்மேல மனு குடுத்த ஆளுக்கு நான் எதுக்கு ஒதுக்கணும்?"

"மனுவத் திருப்பி வாங்கிக்கிடுதேன்."

"எப்ப?"

பெரியப்பா திரும்பிக் காரைப் பார்த்தார். பின்சீட்டில் அக்கா பெட்டியின் மூடியைச் சற்றே தூக்கி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏசி வெதுவெதுப்புக்கு மாறியிருந்தது. அவர் வந்து, என் கண்ணைப் பார்க்காமல் முன்பெட்டியைத் திறந்து, லேமினேட் செய்த மனுவை எடுத்துப்போய் நீட்டினார்.

"இந்தாரும். திங்கக்கெழம ஆபீசுலயும் எழுதிக் குடுத்துருதேன்."

பூதலிங்கம் அதை எழுத்துக்கூட்டி, தன் பெயர் வரும் இடம் வரைக்கும் வாசித்தார். பிறகு எழுந்து ஒரு பக்கத்துச் செடியை அள்ள ஆரம்பித்தார். பெரியப்பாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அள்ளினார். தரையோடு கிடந்த பொட்டைத் தள்ள விளக்குமாறு இல்லை. பூதலிங்கம் மனுவைக் கொண்டு தள்ளினார். லேமினேட் செய்திருந்ததால் நன்றாகத் தள்ளியது. கார் போகிற அகலத்துக்கு வழி கிடைத்தது.

அதன்பிறகு கல்லிடைக்குறிச்சியில் ஒரு தடவை, வீரவநல்லூரில் ஒரு தடவை, சேரன்மகாதேவியில் ஒரு தடவை நிறுத்தினோம். ஒவ்வொரு தடவையும் பெரியப்பா இறங்கி, கால்வாயில் வாளியை முக்கி, காரின் முகத்தில் ஊற்றினார். வீரவநல்லூரில் ஒரு கிழவி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். புதுவண்டிக்குப் பூசை என்று நினைத்திருப்பாள். பெரியப்பா மறுக்கவில்லை. மேலப்பாளையம் நெரிசலில் கால்வாய் இல்லாததால் குடிக்க வைத்திருந்த இரண்டு பாட்டிலும் தீர்ந்தது.

மண்டபத்துக்குப் போய்ச் சேரும்போது மணி ஐந்தே முக்கால். கிரேஸ் டீச்சர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"என்னம்மா, இப்பதான் ஃபிரிட்ஜுல இருந்து எடுத்த மாதிரி இருக்கு. நாங்க பயந்துக்கிட்டே இருந்தோம்."

நடு அடுக்கில் ஒரு ரோஜா மட்டும் விரற்கடை அளவு சரிந்திருந்தது. அக்கா அந்தப் பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். மேடையை விட்டு இறங்குவதற்குள் இரண்டு பேர் போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். பெரியப்பா கதவோரம் நின்று இதையெல்லாம் பார்த்தார். அவருடைய வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது.

திரும்பும்போது ஏசி போடவில்லை. கண்ணாடிகளை இறக்கிவிட்டு வந்தோம். பத்தமடை தாண்டியது.

"அப்பா, அந்த பி.எட். ஃபாரத்துல எப்ப கையெழுத்துப் போடணும்?" என்று அக்கா பின்னாலிருந்து கேட்டாள்.

பெரியப்பா வெளியே பார்த்துக்கொண்டே, "அடுத்த கேக்கு என்னைக்கு?" என்றார்.

"பதினெட்டாந்தேதி."

"ஏலே நடராசு, திங்கக்கெழம வண்டிய ரசீத்துட்ட விட்டுரு. பதினெட்டுக்குள்ள பம்பரக் கழட்டிக் கழுவணும்."