பாலத்துக்கு வராதவன்

"காலையில அஞ்சு மணி பஸ்சு. அம்மாகிட்ட நீதான்டி சொல்லணும்."

அக்கா காதுக்குள்ள சொன்னதும் சின்னவளுக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. அடுத்த ரூம்ல அப்பாவோட குறட்டை. அக்கா தலைமாட்டுல, துணி அடைச்ச ஒரு பை. சின்னவ எழுந்து உக்காந்தா.

"யாரோட?"

"நூல்காரரோடதான். வேற யாரு?"

செவ்வாய்க்கிழமையானா நூல்கண்டும் பட்டனும் கொண்டுவந்து போடுறவன். ஆறு மாசமா வாசல்லயே நின்னு அக்காகிட்ட சிரிச்சுச் சிரிச்சுப் பேசுறான். எங்க தங்குறான், வீட்டுல யாரு இருக்கா, ஒருத்தருக்கும் தெரியாது.

"அவர எப்டிக்கா நம்புற?"

"நீ படிச்ச கதையில அந்த ஆபீசர் வரலையா? ஊரே உளவாளி, துரோகின்னு சொல்லுச்சு. குண்டு விழுது, பனி கொட்டுது, அப்பவும் அந்த நர்ஸ் பொண்ணுக்காகப் பாலத்துக்கு வந்தான்ல? அதக் கேட்டன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்டி."

சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏன்னா அவன் பாலத்துக்கு வரவே இல்லை. அவன வரவச்சது இவதான்.

நடந்தது இதுதான். அக்காவுக்கு வீட்டுலயே தையல் வேலை. ஸ்கூல் யூனிஃபார்ம் சட்டைக்குக் காலர். கை மிஷின்ல இருக்கும், காது சும்மாதானே இருக்குன்னு சின்னவ பக்கத்துல உக்காந்து நாவல் படிப்பா. நூறு வருஷத்துக்கு முந்தின யுத்தம். ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸு, காயம்பட்டு வந்த ஒரு ஆபீசர், அவன் சட்டை மடிப்புக்குள்ள ஒரு வரைபடம். கதை ஓட ஓட மிஷினும் ஓடும். முத்தம் வந்தா மிஷின் மெதுவாகும், குதிரை வந்தா பறக்கும். அந்தச் சின்ன ரூம்ல ஜன்னலுக்கு வெளிய பனி பெய்யுற மாதிரியே இருக்கும்.

ஒருநாள் நர்ஸோட தம்பி செத்துப்போனான். அக்கா கண்ணு கலங்கி, பதினோரு காலர்ல தையல் கோணிப்போச்சு. அத்தனையும் திரும்பி வந்துச்சு. பிரிச்சுத் தச்சே விடிஞ்சுது. அதுக்கப்புறம் சோகம் வந்தா சின்னவ நைசா மாத்திப் படிக்க ஆரம்பிச்சா. பாலம் வந்தப்ப மிஷின்ல கடைசிக் காலர். புத்தகத்துல அவன் வரலை. இவ வாயில வந்துட்டான். குதிரையெல்லாம் வேற குடுத்தா. தொப்பியில பனி.

"அக்கா." சின்னவ கிட்ட நகந்தா. "அவன் வரலக்கா. நான் சும்மா சொன்னேன்."

"என்னடி உளர்ற?"

"காலர் கோணிடும்னு..."

 அக்கா ஃபோன் லைட்டைப் போட்டா. "படி. அதுல இருக்கிறத மட்டும் படி."

சின்னவ போர்வைக்குள்ள புத்தகத்தை விரிச்சா. அந்த வெளிச்சத்துல எழுத்தெல்லாம் தண்ணிக்கடியில கிடக்கிற மாதிரி அசைஞ்சுது. நர்ஸு பாலத்துல நிக்குறா. பனி அவ கணுக்காலளவு, முழங்காலளவு ஏறுது. ஆத்துல ஐஸ் கட்டி மிதந்து போகுது. தூரத்துல குதிரைச் சத்தம் கேக்குது, வந்தது சிப்பாய்ங்க. அவன் அப்பவே எல்லை தாண்டிட்டான், தன் ஊர்ல இருக்கிற பொண்டாட்டிகிட்ட. தப்பிச்சுப் போக அவனுக்கு வேண்டியிருந்தது அவகிட்ட இருந்த வார்டு சாவி மட்டும்தான்.

அக்கா அழலை. "லூசு," ன்னா.

"யாரு, நானா?"

"அந்த நர்ஸு. இருநூறு பக்கமா அவனக் காதலிக்குறா, உன் வீடு எங்கன்னு ஒரு வார்த்தை கேட்டாளா?" சொல்லிட்டு, தலைமாட்டுல இருந்த பையைப் பாத்தா.

ஃபோனை எடுத்து மெல்ல டைப் பண்ணா. சின்னவ தோள்வழியா எட்டிப் பார்த்தா. 'பஸ்சுக்கு வரமாட்டேன். பத்து மணிக்கு வீட்டுக்கு வாங்க. அப்பாகிட்ட பேசுங்க. வரும்போது உங்க அம்மாவையும் கூட்டிட்டு வாங்க.'

அனுப்பினா. ரெண்டு டிக்கும் நீலமாச்சு. டைப் பண்றான்னு காட்டுச்சு, நின்னுச்சு. மறுபடி காட்டுச்சு, நின்னுச்சு. ரெண்டு பேரும் ஒரே போர்வைக்குள்ள, கிணத்தை எட்டிப் பாக்குற மாதிரி அந்தச் சின்ன வெளிச்சத்தையே பாத்துக்கிட்டிருந்தாங்க. கடைசியில அவன் சிரிக்கிற ஃபோட்டோ மறைஞ்சு, அந்த எடத்துல சாம்பல் கலர்ல ஒரு வெறும் தலை வந்துச்சு. அக்கா இன்னொரு தடவை 'ஹலோ'ன்னு அனுப்பிப் பாத்தா. ஒத்த டிக். அதுக்கு மேல நகரலை.

"பிளாக் பண்ணிட்டான்," ன்னா அக்கா.

சின்னவளுக்கு ஓன்னு அழுகை வந்துச்சு. அக்கா அவ வாயைப் பொத்தினா. "சத்தம் போடாதடி, அப்பா எந்திரிச்சிரப் போறாரு."

"என்மேல கோவமாக்கா?"

"நிறைய. காலையில வச்சுக்கறேன்."

பையை அவுத்து, துணியை ஒண்ணொண்ணா எடுத்து மடியில போட்டுக்கிட்டா. மடிக்கலை. இருட்டைப் பாத்தபடியே கேட்டா:

"உன் கதையில வந்தானே, தொப்பியில பனியோட. அவன் பொண்டாட்டி விஷயத்தை அவகிட்ட சொல்லிட்டானா, இல்லையா?"

சின்னவ மூக்கை உறிஞ்சினா. "அவனுக்குக் கல்யாணமே ஆகலக்கா."

"சரி," ன்னா அக்கா, படுத்துக்கிட்டே. "அப்புறம்?"