அருகம்புல் நீங்கலாக

சமையலறை நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு அம்புஜம் வழியை அடைத்து நின்றாள். எதிரே, குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, ஒரு தட்டு நிறைய அருகம்புல்லோடு அவள் கணவர் கோதண்டராமன். கல்யாணமான முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் அவரை வழிமறித்தது இதுதான் முதல் தடவை. அதனால் அவருக்குக் கோபம் வருவதற்கு முன்னால் ஆச்சரியம் வந்தது.

"நகரு. மிக்ஸியில போடணும்."

"ஏன்னா, வேண்டாம். அதுல மருந்து அடிச்சிருக்கா. நேத்திக்கே ருக்மிணி சொல்லிட்டுப் போனாளே."

"மருந்தடிக்கறவ சொன்னா வேதமா? எங்கிட்ட ஆபீஸ் பேப்பர் இருக்கு."

கோதண்டராமன் முப்பத்து மூன்று வருஷம் கர்நாடக அரசில் குப்பை கொட்டி, அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவர். பொழுது விடிந்துவிட்டது என்பதைக்கூட யாராவது குறிப்பெழுதி, மேலதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் நம்புவார். இப்போது பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் உள்ள அந்தத் தெருவின் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். எதிரே பூங்காச் சுவரோரம் களை மண்டிக் கிடக்கிறது, பாம்பு வரும் என்று இரண்டு மாதம் முன்பு வார்டு ஆபீசுக்கு மூன்று பக்கம் எழுதிப் போட்டவர் அவர்தான். பாம்பை யாரும் பார்த்ததில்லை. ஆனால் கடிதத்தில் அது இரண்டு இடத்தில் வருகிறது.

கடிதத்தின் கடைசிப் பத்தியில் ஒரு நிபந்தனையும் வைத்திருந்தார். மேற்படி சுவரோரம் உள்ள களைகள் அனைத்தையும் அழிக்கவும், அருகம்புல் நீங்கலாக. காரணம், தினமும் காலையில் அந்தப் புல்லைத்தான் அவர் பறித்து வருவார். சர்க்கரைக்கு நல்லதென்று அவரும் அம்புஜமும் ஆளுக்கு ஒரு டம்ளர் சாறு குடிப்பார்கள். மார்க்கெட்டில் விற்பது அவருக்கு ஆகாது. யார் யார் கை பட்டதோ என்பார்.

நேற்று மத்தியானம் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் மருந்தடிக்க வந்தார்கள். முதுகில் டேங்க்கைச் சுமந்து சுவரோரமாக அடித்துக்கொண்டு போனவள் ருக்மிணி. காலையில் இதே தெருவைக் கூட்டுகிறவளும் அவள்தான். டேங்க்கின் மூடி சரியாக உட்காராமல் மருந்து ஒழுகி, அவளுடைய வலது கை முழங்கை வரை நனைந்துவிட்டது. எரிகிறது, உள்ளே தோட்டத்துக் குழாயில் கழுவிக்கொள்ளட்டுமா என்று கேட்டருகே வந்து கேட்டாள்.

கோதண்டராமன் கேட்டைத் திறக்கவில்லை. காம்பவுண்டுச் சுவர்மேல் இதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறது. தெரு கூட்டுகிறவர்களோ குப்பை வண்டிக்காரர்களோ தண்ணீர் கேட்டால் அதிலிருந்துதான், ஒரு முழ உயரத்தில் பிடித்து ஊற்றுவார். ஜாதியா என்று யாராவது கேட்டுவிட்டால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "ஜாதியெல்லாம் எங்காத்துல கிடையாது. இது ஹைஜீன்" என்பார். கேஸ் சிலிண்டர்காரர் செருப்போடு அடுப்படி வரைக்கும் வந்து போவார். பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியர் டிரேவரின் நாய் நினைத்தபோது உள்ளே நுழைந்து அதே குழாயடியில் நக்கிக் குடிக்கும். அவர்களை ஹைஜீன் ஒன்றும் செய்ததில்லை. ருக்மிணியைக் கண்டால் மட்டும் கேட்டருகே வந்து நின்றுகொள்ளும்.

பாட்டிலில் பாதிதான் தண்ணீர் இருந்தது. அதை ஊற்றிவிட்டு, "போறும், போ" என்றார். அவள் போகும்போது, "சார், இந்தப் புல்லை ரெண்டு மூணு வாரம் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அம்புஜம் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். வாயில் கொழுக்கட்டை வைத்தாற்போல் நின்றாள். அதை நினைக்க நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"பாரு, பச்சைப்பசேல்னு இருக்கு. மருந்து பட்டிருந்தா கருகியிருக்காதா?" கோதண்டராமன் தட்டோடு கூடத்துக்குப் போய், ஃபைலைப் பிரித்துக் கொண்டுவந்து காட்டினார். "கடைசிப் பத்தியைப் படி. அருகம்புல் நீங்கலாக. வாங்கிண்டதுக்கு ஆபீஸ் சீல் இருக்கு பாரு."

"சீல் பேப்பர் மேலன்னா இருக்கு. புல்லு மேல இல்லையே."

"நீ அரைக்காட்டாப் போ. நான் பச்சையாவே மெல்லறேன்."

மெல்லக்கூடியவர்தான். எடுத்த பேச்சை விடக்கூடாது என்பதற்காக ஒரு தடவை காய்ச்சலோடு ஹொசகோட்டை வரை போய் ஒரு மகஜரில் கையெழுத்து வாங்கி வந்தவர். புல்லைக் கையில் எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். அம்புஜம் பின்னாலேயே ஓடினாள். அந்த நேரம் பார்த்துத் தெருவில் துடைப்பச் சத்தம் கேட்டது.

"ருக்மிணி, இங்க கொஞ்சம் வாயேன்" என்று கூப்பிட்டாள்.

ருக்மிணி கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். வலது கையில் பழைய துணி சுற்றியிருந்தது. கோதண்டராமனுக்கு அதிகாரம் செய்ய வேண்டுமானால் கன்னடம் வந்துவிடும், ஆபீஸ் பழக்கம்.

"நின்னே ஏனு ஹேளிதே?" நேற்று என்ன சொன்னாய் என்று கேட்டார்.

அவள் தமிழிலேயே பதில் சொன்னாள். "அதான் சார், புல்லைத் தொடாதீங்கன்னு."

"என் லெட்டர் பிரகாரம் அருகம்புல்லை விட்டுட்டுத்தானே அடிச்சே?"

"லெட்டரா? மேஸ்திரி டேங்க்கைக் குடுத்து, இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் அடின்னாரு. அடிச்சேன். ஒவ்வொரு புல்லா நின்னு பேர் கேட்டுக்கினா இருக்க முடியும்?"

"பச்சையா இருக்கே."

"இன்னிக்குப் பச்சையாத்தான் சார் இருக்கும். நாலஞ்சு நாள் போனா மஞ்சளாகிப் படுத்துக்கும். அதுவரைக்கும் அதுக்கே தெரியாது."

சொல்லிக்கொண்டே கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவந்து தடித்து, அங்கங்கே கொப்பளித்திருந்தது. கோதண்டராமன் அந்தக் கையைப் பார்த்தார். தன் விரல்களுக்கு நடுவில் இருந்த புல்லைப் பார்த்தார். உதட்டருகே போயிருந்த கை மெல்லக் கீழே இறங்கியது.

"இன்னிக்கு ஏகாதசியோன்னோ. நான் ஒரு மடையன், ஞாபகமே இல்லை" என்று புல்லைப் படியில் வைத்தார்.

ஏகாதசி போய் ஐந்து நாளாகிறது. அம்புஜம் அதைச் சொல்லவில்லை. மனுஷன் பிழைத்தால் சரி. அவள் படியிறங்கிப் போய்க் கேட்டை அகலத் திறந்தாள்.

"உள்ள வா. குழாய்ல நன்னா அலம்பிக்கோ. சோப்பு தரேன்."

"அம்புஜம்..." என்றார் கோதண்டராமன்.

"என்ன, ஹைஜீனா? அவ கையில பட்ட மருந்துதான் உங்க கையிலயும் பட்டிருக்கு. அந்தக் கையோட ஆத்துக்குள்ள வராதேள்."

சொன்ன பிறகுதான் அவருக்கு விரலிடுக்கெல்லாம் அரிப்பது தெரிந்தது. வேறு வழியில்லை, குழாயடிக்கு வந்தார். அங்கே உட்கார்ந்து கழுவிக்கொண்டிருந்த ருக்மிணி அவரைக் கண்டதும் பழக்கதோஷத்தில் எழுந்து ஒதுங்கப் போனாள்.

"நீ முடிச்சுட்டே எழுந்திரு. சாருக்கு ஒண்ணும் அவசரமில்லை" என்றாள் அம்புஜம்.

கோதண்டராமன் வேட்டியில் படாமல் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். நாயோடு நடக்கக் கிளம்பிய டிரேவர் கேட்டருகே தயங்கி, "இன்னா சார், வாட்டர் பிராப்ளமா?" என்று கேட்டார். கோதண்டராமன் இல்லை என்று தலையாட்டினார். நாய் உள்ளே வரப் பார்த்தது, டிரேவர் இழுத்துக்கொண்டு போனார்.

ருக்மிணி அவசரப்படாமல் முழங்கை வரை கழுவி முடித்து எழுந்தாள். நுரையோடு இருந்த சோப்பை அவரிடம் நீட்டினாள். அவர் அந்தச் சோப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அரிப்பு பொறுக்கவில்லை. வாங்கிக்கொண்டார்.

"சும்மா நனைச்சா போவாது சார். இடுக்கு இடுக்கா தேய்ங்க" என்றாள் அவள்.

தேய்த்தார். தெரு கூட்டுகிறவள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க, அண்டர் செக்ரட்டரி குந்தி உட்கார்ந்து கை கழுவுவது அவருக்கே ஒரு மாதிரியாக இருந்தது. எதையாவது அதிகாரமாகக் கேட்டாக வேண்டும் போலிருந்தது.

"ஏம்மா, இந்த வேலைக்கெல்லாம் கிளவுஸ் தரணுமே. உனக்குக் குடுக்கலையா?"

"குடுத்தாச்சு சார்" என்றாள் ருக்மிணி, துணியைக் கையில் திரும்பச் சுற்றிக்கொண்டே. "ஃபைல்ல இருக்கு. கிளவுஸு, பூட்ஸு, முகத்துக்கு மாஸ்க்கு, எல்லாம் வாங்கிட்டேன்னு என் கைநாட்டு இருக்கு. மேல சீலும் குத்தியிருக்காங்க."

கோதண்டராமன் குனிந்தபடி கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.