சொத்தை இல்லாத கத்தரிக்காய்

அந்த வருஷம் தை மாதத்தில் எங்கள் சுருளிப்பட்டியில் புழுவுக்குக் கிடைத்த மரியாதை அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, பின்பும் கிடைக்கவில்லை. நான் சொல்வது இரண்டாயிரத்துப் பத்து. காய்க்காரி அன்னத்தாய் தெருமுனையில் கூடையை இறக்கினால், பெண்களெல்லாம் குனிந்து சொத்தைக் கத்தரிக்காயாகப் பொறுக்கினோம். அதுவரை ஓட்டை இருந்தால் அவள் முகத்தில் எறியாத குறையாகத் திருப்பிக் கொடுத்தவர்கள்தான் எல்லோரும்.

காரணம் டி.வி. அதில் நாலு பேர் உட்கார்ந்தார்கள், மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். மரபணு மாற்றிய கத்தரிக்காய் வரப்போகிறது, அதைப் புழு கடித்தால் புழு செத்துப்போகும் என்றார் ஒருவர். மனுஷனுக்கு ஒன்றும் ஆகாது என்றார் இன்னொருவர். எத்தனை வருஷம் தின்று பார்த்துச் சொல்கிறீர்கள் என்றார் மூன்றாமவர். நாலாமவரைக் கடைசி வரை வாய் திறக்கவே விடவில்லை. அவருக்குத்தான் விஷயம் தெரிந்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஆக, ஊர் தானாக ஒரு முடிவுக்கு வந்தது. புழு தின்றால் நாமும் தின்னலாம். புழு அண்டாத காய் என்றால் அது அந்தக் காய். ஒரே வாரத்தில் அன்னத்தாய் கூடையில் இருந்த அத்தனை காயிலும் ஓட்டை. அவள் கழுத்துக் கயிற்றில் தொங்கும் ஊக்கு நுனி கறுத்திருந்ததை நான் பார்க்காமல் இல்லை. புழு போட்ட ஓட்டைக்கும் ஊக்கு போட்ட ஓட்டைக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்? இருந்தாலும் வாங்கினேன். நாலு பேர் வாங்கும்போது நாம் மட்டும் தனியாக நிற்க முடியுமா?

இந்தச் சமயம் பார்த்தா சுந்தரலிங்கம் தோட்டத்துக் கத்தரிக்காய் அப்படி விளைய வேண்டும்! எங்கள் எதிர் வீட்டுக்காரர். ஊருக்கு மேற்கே முக்கால் ஏக்கர். வரப்பில் ஒரு தகரப் பலகை: ‘இயற்கை விவசாயத் தோட்டம். பூச்சிமருந்து தெளிப்பதில்லை.’ வாசலில் நீல டிரம் ஒன்றில் பஞ்சகவ்யம் ஊறிக்கொண்டே இருக்கும். அந்த வாடை எங்கள் அடுப்படி வரை வந்து எங்கள் ரசத்தை விசாரித்துவிட்டுப் போகும். காயோ, ஊதா நிறத்தில் எண்ணெய் தடவியது போல மினுங்கும். நூறு காய் எடுத்தாலும் ஒரு சொத்தை இருக்காது. தேனியில் பெரிய கடைக்காரர் ஒருவர் ‘இயற்கைக் காய்’ என்று தனித் தட்டில் வைத்து விற்றார்.

ஆனால் அந்த வீட்டுக் குப்பையில் கத்தரிக்காய்க் காம்பை நான் இரண்டு வருஷமாகப் பார்த்ததில்லை. குப்பையைப் பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம், போகிற வழியில் கண்ணில் படுவதுதான். விற்கிற பொருளைத் தின்ன மனசு வராத கஞ்சத்தனம் என்று எண்ணிக்கொண்டேன்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. வாரம் தவறாமல் அவர் மொபெட்டில் தேவாரம் போய்விட்டு, இறுகக் கட்டிய சாக்குப் பையோடு வருவார். கம்பம் பக்கத்தில் இருக்க, தேவாரத்தில் என்ன? எனக்கு வேறு மாதிரியெல்லாம் எண்ணம் ஓடியது. பிறகு தேவாரத்திலிருந்தே மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார் என்று கேள்விப்பட்டு எண்ணத்தைத் திருத்திக்கொண்டேன். மாப்பிள்ளை பெயர் கர்ணன். அங்கே உரக்கடை வைத்திருக்கிறான். வேப்பம்புண்ணாக்கு வாங்கப் போன இடத்தில் பழக்கம் என்று சுந்தரலிங்கம் சொல்லிக்கொண்டார்.

மகள் தேவயானிக்கு இருபத்தேழு வயது. கம்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அதற்கு முன் மூன்று இடம் வந்து தட்டிப்போயிற்று. இந்த இடம் அவளுக்கே பிடித்திருந்தது. மொட்டைமாடியில் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, காய்ந்த சேலையையே நாலு தடவை உதறிக் கொடியில் போட்டாள். அது போதாதா?

அப்போதுதான் சுந்தரலிங்கத்தின் காயைப் பற்றிப் பேச்சு கிளம்பியது. யார் கிளப்பினார்களோ, தெரியாது. நான் ஞானசிகாமணியிடம் ஒரு சந்தேகம் மட்டும் கேட்டேன். எங்கள் தெருக்காரர், கம்பத்தில் ஜெராக்ஸ் கடை. அந்தக் கத்தரிக்காய் வேண்டும் என்கிறவர்களும் வேண்டாம் என்கிறவர்களும் அவர் கடையில்தான் நோட்டீஸ் நகல் எடுத்தார்கள். அதனால் அவர் இரண்டு பக்கமும் படித்தவர்.

“ஏன் சார், மருந்து அடிக்காம, புழுவும் இல்லாம ஒரு காய் வெளையுமா?” என்று கேட்டேன்.

“காலையில எடுத்த நோட்டீசுல அப்படித்தான் போட்டிருந்துச்சு. அந்த வெதை போட்டா புழு வராது, மருந்துச் செலவு கொறையும்னு. சாயந்தரம் எடுத்த நோட்டீசுல அதத் தின்னா ஒடம்புக்கு என்ன ஆகும்னே தெரியாதுன்னு இருந்துச்சு. எனக்கு ரெண்டும் சரியாத்தான் படுது. மெஷின் நல்ல மெஷினு” என்றார்.

நான் கேட்டது அவ்வளவுதான். அது தேவாரம் போய்ச் சேருவதற்குள், அந்தக் காயைத் தின்றால் பிள்ளை பிறக்காது என்று ஒரு வால் முளைத்திருந்தது. எந்த நோட்டீசிலும் அப்படி ஒரு வரி இல்லை என்று ஞானசிகாமணி பிறகு சத்தியம் செய்தார்.

தை பதினஞ்சாம் தேதி மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க வருவதாக ஏற்பாடு. எங்கள் பக்கம், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்தது. அதுவரை காப்பி, தண்ணீரோடு நிறுத்திக்கொள்வார்கள். இலை போட்ட பிறகு கை வைக்காமல் எழுந்தால், வேண்டாம் என்று வாயால் சொல்லத் தேவையில்லை. அதற்கப்புறம் அந்தப் பெண்ணுக்கு நாலாவது இடமும் போயிற்று என்று ஊர் கணக்கில் எழுதிக்கொள்ளும்.

அன்று விடிந்ததும் சுந்தரலிங்கத்தின் சம்சாரம் சுப்புத்தாய் கொல்லை வழியாக எங்கள் வீட்டுக்குள் வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: “அக்கா, ஒங்க கொல்லைச் செடியில சொத்தக் கத்திரிக்கா ரெண்டு கெடக்குமா?”

“என்னத்துக்கு?”

“மாப்பிள்ளையோட பெரியம்மா போன் பண்ணுனாக. ‘ஒங்க காயப் புழு அண்டாதாமே மதினி’ன்னு இழுத்தாக. மொறத்துல ரெண்டு சொத்தை கெடந்தா, வந்து பாத்துட்டு மனசு ஆறுவாகள்ல.”

“இன்னைக்கு ஒரு நாளு கத்திரிக்காய விடேன். மொருங்கக்கா இல்லையா, சொரக்கா இல்லையா?”

“அவரு கேட்டாத்தான? கத்திரிக்கா வைக்கலைன்னா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமாம்.”

பறித்துக் கொடுத்தேன். ஒன்றில் புழு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. “பதனமாக் கொண்டு போ, வழியில விழுந்துறப் போகுது” என்றேன்.

பதினொரு மணிக்கு வேன் வந்தது. ஒன்பது பேர். சுப்புத்தாய்க்கு உதவியாகப் போன நான் அரிவாள்மனையோடு அவள் அடுப்படி வாசலில் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து கூடமும் தெரியும், கொல்லையும் தெரியும்.

பெரியம்மா கருத்தம்மாள் காப்பியைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை, நேரே அடுப்படிக்கு வந்தார். தாய் இல்லாத கர்ணனை வளர்த்தவர். அவருக்கென்று பிள்ளை இல்லை. முறத்தில் கிடந்த சொத்தைக் காயை எடுத்தார், திருப்பினார், புழுவைப் பார்த்தார்.

“இது பச்சையா, குட்டையா இருக்கு. அது ஊதாவா, நீளமா இருக்கு. புழுவ வெளியில இருந்து வரவழச்சிருக்கீகளா மதினி?” என்றார் கருத்தம்மாள்.

அந்தச் செடி எங்கள் வீட்டுச் செடி, வேறு ரகம். இரண்டு பேருக்கும் காலையில் அது தோன்றவே இல்லை. நான் வெங்காயத்தை மும்முரமாக அரிய ஆரம்பித்தேன்.

இலை போட்டார்கள். சாதம் விழுந்தது, எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு விழுந்தது. முழுசு முழுசாக ஊதாக் காய்கள், எண்ணெயில் மிதந்தன. வந்தவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு கருத்தம்மாளைப் பார்த்தார்கள். கர்ணன் மட்டும் குனிந்து இலையின் நரம்புகளை ஆராய்ந்தான்.

“அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மருந்து அடிச்சீகளா?” என்றார் கருத்தம்மாள்.

சுந்தரலிங்கம் நெஞ்சில் கை வைத்தார். “ஒரு சொட்டு அடிக்கலத்தா! பலகையே வச்சிருக்கேன், நீங்க வேணா வந்து பாருங்க.”

“அப்ப புழு எங்க?”

“அது வந்து… பஞ்சகவ்யத்துக்கு ஓடிப்போகும்.”

“வாசல்ல டிரம்ம எட்டிப் பாத்துட்டுத்தான் வந்தேன். அதுக்குள்ளயே நெளியுதே.”

இந்த இடத்தில், தெருக்காரர் என்று பந்தியில் உட்கார வைத்திருந்த ஞானசிகாமணி உதவிக்கு வந்தார். வராமல் இருந்திருக்கலாம். சட்டைப் பையிலிருந்து நோட்டீஸை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “பயப்படாதீகம்மா. இதுல என்ன போட்டிருக்குன்னா, அந்த வெதைக்குப் புழு வராது, மருந்தும் தேவைப்படாது…”

“அதத்தான அண்ணன் சொல்றாக! மருந்தும் இல்ல, புழுவும் இல்லன்னு!” என்றார் கருத்தம்மாள்.

சுந்தரலிங்கம் வியர்த்துப்போனார். “அந்த வெதை இன்னும் கடைக்கே வரலையாம்த்தா. கம்பத்துல விவசாய ஆபீசுல கேட்டுட்டேன்.”

“வந்தா நம்மகிட்ட சொல்லிட்டா வரும்?” அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. “தப்பா நெனைக்காதீகண்ணே. இவ ஒண்ணும் பெறலன்னு நாப்பது வருசம் பேச்சுக் கேட்டவ நான். எனக்கு இவன் ஒருத்தன். இது நெசமோ பொய்யோ, எனக்குத் தெரியல. டி.வி.க்காரனுக்கே தெரியல. தெரியாத ஒண்ண இவன் எலையில வச்சுட்டு நான் எப்படிப் பாத்துக்கிட்டு இருக்க?”

சொல்லிவிட்டு இலையின் மேல் ஓரத்தைப் பிடித்தார், மடக்கிவிட்டு எழுவதற்காக. மற்ற எட்டுக் கைகளும் எட்டு இலை ஓரத்துக்குப் போயின.

கொல்லைப் பக்கம் கலகலவென்று சத்தம். நான்தான் முதலில் பார்த்தேன். தேவயானி பட்டுச்சேலையோடு, தென்னமட்டைக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு வந்தாள். என்னைத் தாண்டி, நடுக்கூடத்துக்குப் போய் அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தாள். காலி பாட்டில்கள் இலைகளுக்கு நடுவே உருண்டன. பூச்சிமருந்து வாடை குப்பென்று அடித்தது.

“அத்தை, பாத்துக்கங்க. கார்த்திகையில இருந்து இம்புட்டு. விடிய முன்ன பனியோட போயி, யாரும் பாக்காம அடிப்பாரு எங்கப்பா” என்றாள்.

“ஏ புள்ள!” என்று சுந்தரலிங்கம் கத்தினார்.

கருத்தம்மாள் ஒரு பாட்டிலை எடுத்து முகர்ந்தார். திருப்பிப் பார்த்தார். “ஏலே கர்ணா, இது ஒன் கடை ஸ்டிக்கர்தான?”

கர்ணன் இலையிலிருந்து தலையை எடுத்தான். “ஆமா பெரியம்மா. வாரா வாரம் மாமா நம்ம கடையிலதான் வாங்குவாரு. கம்பத்துல வாங்குனா தெரிஞ்சுபோகும்னு இங்கன வந்தாரு. வெளிய சொல்லக் கூடாதுன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாரு.”

நான் அரிவாள்மனையை நிமிர்த்தி வைத்தேன். தேவாரம் இதற்குத்தான்!

“வெறும் மருந்துதானா!” கருத்தம்மாள் சிரித்தே விட்டார். கண்ணில் தண்ணீர் வேறு. “நாலு நாளா எனக்கு உசுரே இல்லண்ணே. இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? மருந்து அடிக்காத காயி எந்த ஊர்ல இருக்கு? நாங்க அத வித்துத்தான கஞ்சி குடிக்கிறோம்.”

பாட்டிலைக் கீழே வைத்தார். கையைக்கூடக் கழுவவில்லை. குழம்பைச் சாதத்தோடு பிசைந்து, ஒரு முழுக் காயை அப்படியே வாயில் போட்டார். பிறகு கூடத்தில் வேறு சத்தமே இல்லை, உறிஞ்சுகிற சத்தம்தான். மூன்று தடவை குழம்பு ஓடியது. ஞானசிகாமணி நோட்டீஸை மடித்து, அதன் மேல் எண்ணெய்க் கையை வைத்துச் சாப்பிட்டார். பந்தி முடிந்து நானும் உட்கார்ந்து இரண்டு காய் போட்டுக்கொண்டேன். ருசி என்றால் அப்படி ஒரு ருசி.

சுந்தரலிங்கம் பரிமாறிக்கொண்டே இருந்தார். சம்பந்தம் முடிந்த சந்தோஷமா, பலகை போன துக்கமா, முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. முகம் பார்ப்பதில் எனக்கு உள்ள அனுபவத்துக்கே பிடிபடவில்லை. கடைசியில் உட்கார்ந்தவர் ரசத்தை மட்டும் ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டார். மறுநாள் வரப்பில் பலகை இல்லை. அது இப்போது அவர்கள் வீட்டு ஆட்டுக்கொட்டிலுக்குக் கதவு. எழுத்து உள்பக்கம்.

இரண்டு வாரம் கழித்து, அந்தக் கத்தரிக்காயை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருப்பதாக தில்லியில் சொல்லிவிட்டார்கள் என்று டி.வி.யில் வந்தது. நல்லது என்று இரண்டு பேர், கெட்டது என்று ஒருவர். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சுப்புத்தாய் வந்தாள். மடியிலிருந்து ஆறு கத்தரிக்காயை எடுத்து வைத்தாள். பச்சையில் இரண்டு, ஊதாவில் நாலு.

“வாங்குனதத் திருப்பிக் குடுக்கணும்ல. வைகாசியில கல்யாணம்க்கா. பந்தியில எண்ணெக் கத்திரிக்கா கட்டாயம் வேணும்னு சம்பந்தியம்மா சொல்லிட்டாக.” போகத் திரும்பியவள் நின்றாள். “அக்கா, அன்னைக்கு நீங்க ரெண்டு காய் சாப்பிட்டீகள்ல. வயிறு கியிறு ஒண்ணும் பண்ணலையே?”

“இல்லையே. ஏன் கேக்குற?”

“சும்மாத்தான். அந்தத் தோட்டத்துக் காய நாங்க வீட்டுக்கு எடுக்கிறதே இல்லக்கா.”

அவள் போய்விட்டாள். ஆறையும் முறத்தில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். பச்சையைத் தூக்கிப் பார்த்தால் ஓட்டை சுத்தமாக வட்டமாக இருந்தது, அன்னத்தாயின் ஊக்கு வேலை போல. ஊதா நாலும் மினுங்கிக்கொண்டிருந்தன. டி.வி.யில் அந்த நாலாவது ஆள் அன்றைக்கும் வந்திருந்தார். அன்றைக்கும் அவரைப் பேச விடவில்லை.