ஆர்வெல்லா கேட்ட செம்புக் குண்டு

ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம், உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்த ஆர்வெல்லா கரண்டியை நிறுத்தாமலே சொன்னாள்: "இந்த வருஷம் ஈயக் குண்டுல அடிச்ச கறி என் அடுப்புல ஏறாது."

அவள் கணவன் தேய்ன் நிமிர்ந்து பார்த்தான். "என்னது?"

"முழுக்க முழுக்கச் செம்புலேயே குண்டு வருதில்ல? அதுல அடி."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து ஈயத்துலதானே அடிக்கிறோம். உன் துப்பாக்கியிலேயும் அதான் போகுது."

"இனிமே செம்பு." சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குளியலறைக்கு ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விஷயம் இதுதான். நாற்பத்தோரு வயதில், எல்லா நம்பிக்கையையும் மூட்டை கட்டி வைத்த பிறகு, ஆர்வெல்லா உண்டாகியிருந்தாள். இதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. இரண்டு முறையும் தேய்ன் முந்திக்கொண்டு ஊரெல்லாம் சொல்லிவிட்டு, பிறகு வீடு வீடாகப் போய் இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்த முகத்தை அவளால் இன்னொரு தடவை பார்க்க முடியாது. மூன்று மாதம் தாண்டட்டும், அப்புறம் சொல்லலாம் என்று வாயைப் பூட்டிக்கொண்டாள். மருத்துவமனை நர்ஸ் முதல் நாளே, "வீட்ல மான் கறிதானே? என்ன குண்டு?" என்று கேட்டிருந்தாள். ஈயம் மானின் உடம்புக்குள் போனதும் பொடிப்பொடியாகச் சிதறும், கண்ணுக்குத் தெரியாத துகள் கறியோடு வரும், வயிற்றுப் பிள்ளைக்கு அது ஆகாது என்றாள். அவர்கள் இருந்த பேர் லேக் ஏரிப் பக்கத்தில் குளிர்காலம் முழுக்க எல்க் மான் கறிதான். அதனால்தான் இந்தச் செம்பு.

தேய்ன் காரணம் கேட்கிற ஆள் இல்லை. ஆனால் ஒரு காரியத்தில் இறங்கினால் அதன் அடிவேர் வரை போவான். மாதம் முழுக்கக் கார் ஷெட்டில் உட்கார்ந்து தோட்டா செய்தான். செம்பு ஈயத்தை விட லேசு. அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். பழைய அளவிலேயே செய்து சுட்டுப் பார்த்ததில், அட்டையில் ஓட்டைகள் கோழி கொத்தினது மாதிரி இறைந்து கிடந்தன. துப்பாக்கிக் குழாயில் படிந்திருந்த அழுக்கையெல்லாம் சுரண்டி எடுத்தான். குண்டைத் தோட்டாவுக்குள் இன்னும் கொஞ்சம் ஆழமாக அழுத்தினான். வெடிமருந்தைச் சிட்டிகை சிட்டிகையாகக் கூட்டினான். கடைசியில் முந்நூறு கஜத்தில் மூன்று ஓட்டைகளும் ஒரு ஜாம் பாட்டில் மூடிக்குள் அடங்கின. அந்த அட்டையைக் கொண்டுவந்து குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினான். அவள் அதைப் பார்த்துக் கண் கலங்கினாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"குறி சரி, அண்ணே. ஆனா தூரத்துல அது விரியாது" என்றான் அவன் தம்பி ருலான். "வேகம் குறைஞ்சுட்டா செம்பு விரியாம ஊசி மாதிரி உள்ள போயி ஊசி மாதிரியே வெளிய வந்துடும். மான் தேங்க்ஸ் சொல்லிட்டுப் போயிடும்."

அப்படியே விட்டால் அவன் தேய்ன் இல்லையே. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, மூவரும் ருலானின் புல்வெளிக்குப் போனார்கள். வைக்கோல் அறுத்து முடிந்து மொட்டையாகக் கிடந்த நிலம், அதன் கோடியில் மண் மலை. ருலானுக்கு ஆறு பெண் பிள்ளைகள். அந்த வீட்டில் காலி பால் கேன்களுக்குப் பஞ்சமே கிடையாது. மானுக்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பிய கேன்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசை வைத்து, கடைசியில் மரத்தூள் மூட்டையைச் சாத்தினார்கள். தேய்ன் தரையில் படுத்துக்கொண்டான். ஆர்வெல்லா மட்டும் வெகுதூரம் பின்னால், பிக்கப் வண்டிக்கு அந்தப் பக்கம் தொலைநோக்கியை நட்டு, காதடைப்பின் மேல் காதடைப்பாக மாட்டிக்கொண்டு, உப்பு பிஸ்கட்டைக் கொறித்தபடி நின்றாள்.

"அண்ணி என்ன அடுத்த மாவட்டத்துல போய் நிக்கிறாங்க?" என்றான் ருலான்.

"இங்கேர்ந்துதான் காத்து நல்லாத் தெரியுது!" என்று கத்தினாள் அவள். கத்திய வேகத்தில் வயிறு புரட்ட, சேஜ் புதருக்குப் பின்னால் போய்விட்டு வாயைத் துடைத்துக்கொண்டே திரும்பினாள். அங்கேயும் சிரித்தாள். வாந்தி எடுத்துவிட்டுச் சிரிக்கிற மனுஷியை அந்தப் புதர் பார்த்திருக்காது.

முதலில் முந்நூறு கஜத்தில் ஈயம். முன் கேன் வெடித்து ஆளுயரத்துக்குத் தண்ணீர் எழும்பியது. ஆர்வெல்லா கேன்களை நோக்கி ஓடினாள். அவற்றில் மிச்சமிருந்த தண்ணீரைப் பழைய தலையணை உறை ஒன்றில் ஊற்றி வடிகட்டினாள். வெள்ளைத் துணியில் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாகத் தங்கியது. அடுத்தது செம்பு. அதே வெடிப்பு, அதே தண்ணீர். துணியில் ஒரு துகள் கூட இல்லை. மரத்தூளுக்குள் கிடைத்த குண்டு நான்கு இதழ் விரித்து, முழுசாக, சூரியகாந்தி மாதிரி இருந்தது. ஐநூறு கஜத்திலும் இதழ் கொஞ்சம் சின்னதாக விரிந்தது.

"ஐநூறு யார் வேணா அடிப்பாங்க" என்றான் ருலான். "எண்ணூறுல காட்டு."

எண்ணூறு கஜத்தில் முதல் இரண்டும் காற்றில் போயின. "இடது பக்கம் இன்னும் ஒரு முழம்!" என்று ஆர்வெல்லா கத்த, மூன்றாவது பட்டது. பட்டதா என்றே சந்தேகம். கேன் வெடிக்கவில்லை. ஒரு சின்ன ஓட்டையிலிருந்து தண்ணீர் ஒன்றுக்குப் போகிற மாதிரி ஒழுகியது, அவ்வளவுதான். மரத்தூளைத் துழாவி ருலான் குண்டை எடுத்தான். கடையில் வாங்கினபடியே இருந்தது. முனைகூட மழுங்கவில்லை.

"திருப்பிப் போட்டுச் சுடலாம் போலிருக்கே!" ருலான் குதித்து ஆடினான். சுடும் இடத்துக்குத் திரும்பும் வரை அவன் வாய் மூடவில்லை. "அண்ணே, உங்க கை சரியில்லையோ என்னமோ. இன்னொரு தடவை பாத்துடுவோம். அண்ணி, நீங்க வந்து படுங்க. குறின்னா அது உங்க குறிதான்."

"எனக்கு வேண்டாம்" என்றாள் ஆர்வெல்லா.

ருலானின் ஆட்டம் நின்றது. போன வருஷம் வலது கையில் மாவுக்கட்டோடு இடது தோளில் வைத்துச் சுட்டவள் அவள். துப்பாக்கியை நீட்டி அவள் வேண்டாம் என்று சொன்னதை அந்தக் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை.

"உடம்பு சரியில்லையா, அண்ணி?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்புறம் என்ன?"

"இல்ல... இந்தச் சத்தம் அதுக்கு ஆகாதாம்."

"எதுக்கு ஆகாதாம்?"

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தரையில் படுத்துத் தோட்டா போட்டுக்கொண்டிருந்த தேய்ன் மெதுவாகத் தலையைத் தூக்கினான். போட்ட தோட்டாவை வெளியே எடுத்தான். துப்பாக்கியைத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று விரல் விட்டுப் பார்த்து, குழாயை மலைப் பக்கம் வைத்துத் தரையில் கிடத்தினான். அதன் பிறகுதான் எழுந்து உட்கார்ந்தான்.

"ஆர்வெல்லா. அந்த ஈயம்..."

"ம்."

"பிஸ்கட்டு."

"ம்."

"காலையில புதருக்குப் பின்னால போனியே..."

"ம்ம்!" சிரிப்பும் அழுகையுமாக அவளும் புல்லில் உட்கார்ந்தாள். "நாளைக்குக் கேக் பண்ணி வச்சு அழகா சொல்லணும்னு இருந்தேன்டா. வியாழக்கிழமை டாக்டர் அதோட நெஞ்சுத் துடிப்பைக் கேட்க வச்சாங்க. குதிரை நாலுகால் பாய்ச்சல்ல ஓடுற மாதிரி ஓடுது. மூணு மாசம் தாண்டியாச்சு, தேய்ன். தாண்டியாச்சு."

தேய்ன் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டான். தோள்கள் மட்டும் குலுங்கின.

"யாராவது எனக்கும் சொல்லுங்களேன்" என்றான் ருலான்.

"ஆறு பெத்தவன், உனக்கா தெரியல?" என்றாள் ஆர்வெல்லா.

ருலானுக்கு உறைக்கச் சற்று நேரம் ஆயிற்று. உறைத்ததும் காட்டுக் கத்தல் ஒன்று கத்திவிட்டு, வண்டியில் மிச்சமிருந்த கேன்களைத் தூக்கித் தலைவழியாகக் கவிழ்த்துக்கொண்டு புல்வெளியைச் சுற்றி ஓடினான். சொட்டச் சொட்டத் திரும்பி வந்து இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டதில் மூவரும் நனைந்தார்கள்.

"அண்ணே, இந்தச் சந்தோஷத்துக்கு ஒரே ஒரு வெடி!"

"இப்ப சுட்டா அந்த மலைமேலகூடப் படாது" என்றான் தேய்ன். துப்பாக்கியை எடுத்து உறைக்குள் போட்டான்.

சாமான்களைக் கட்டும்போது ருலான் அந்தத் தலையணை உறையை விரித்துப் பார்த்தான். சாம்பல் பொடியைக் கட்டை விரலால் தடவினான். அவன் வீட்டிலும் ஆறு தட்டில் அதே கறிதான் விழுகிறது.

"எனக்கும் ஒரு பெட்டி செம்பு செஞ்சு தாங்கண்ணே."

"தரேன். ஆனா ஐநூறு கஜத்துக்கு மேல சுடக்கூடாது. அதுக்கு மேல இது வேலை செய்யல. நீ சொன்னது சரி."

"ஐநூறுக்கு மேல மான் நின்னா?"

"நடந்து போடா. கால் எதுக்கு இருக்கு?"

அண்ணன் தன்னைச் சரி என்று சொன்னதை ருலான் கிறிஸ்துமஸ் வரைக்கும் சொல்லிக் காட்டினான்.

திரும்பும்போது தேய்ன் வண்டியை ஆமை வேகத்தில் ஓட்டினான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பிரேக். பின்னால் ருலான் ஹாரனை அலறவிட்டான்.

"கர்ப்பம்டா இது, முட்டைக் கூடை இல்ல. ஓட்டு!" என்று ஆர்வெல்லா வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு, "இங்க பாரு, அம்மாகிட்ட நான்தான் சொல்வேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது" என்றாள்.

"சத்தியமா" என்றான் தேய்ன்.

முதல் திருப்பத்தில், வாய்க்காலில் மடை மாற்றிக்கொண்டிருந்த கிழவர் கை ஆட்டினார். தேய்ன் வண்டியை நிறுத்தினான். கண்ணாடியை இறக்கினான்.

"டெல்வின் ஐயா!" என்று கூவினான். "ஒரு விஷயம் கேளுங்க..."