ஒரு டம்ளர் கீரைச் சாறு

இதயத்தில் உலோக வால்வு பொருத்திய பிறகு பேருந்து ஓட்டுநருக்கு வேலை போயிற்று. ரத்தம் உறையாமலிருக்க ஆயுசு முழுக்க ஒரு மாத்திரை வந்து சேர்ந்தது. உறைந்து கட்டி சேர்ந்தால் ஆள் பிழைப்பது கஷ்டம். அந்தப் பயம் அவரைவிட அவர் மனைவியைத்தான் பிடித்து ஆட்டியது.

இஸ்திரிக் கடையில் நாள் முழுக்க நிற்கிறவள் அவள். கீரையில் இருக்கும் பச்சையமும் சத்தும் ரத்தக்குழாயைத் துடைத்து வைத்தாற்போல் ஆக்கிவிடும் என்று தேய்த்த துணியை வாங்க வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். மறுநாளே ஒரு கட்டுக் கீரையை அரைத்து வடிகட்டி, டம்ளரை நீட்டினாள்.

“மாமா, இப்படியே போனா கொம்பு முளைச்சிடும்,” என்றான் அவள் தம்பி.

“உங்கக்கா இன்னும் கழுத்துல கயிறு கட்டலையே, அதுவே பெரிசுடா,” என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்.

தினமும் குடித்தார். அடுத்த பரிசோதனையில் ரத்தம் சீக்கிரம் உறைவதாக வந்தது.

“மாத்திரையை விட்டீங்களா? இல்ல, சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா?” என்று நர்ஸ் கேட்டார்.

கணவர் வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள். “சாப்பாடெல்லாம் என் பொறுப்பு. எண்ணெயைக் கண்ணுல காட்டறதில்ல. இவருதான் மாத்திரைய ஏமாத்தறாரு.”

“சத்தியமா முழுங்கினேன்டி,” என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கூட்டியிருந்தார். அவள் கீரையை மூன்று கட்டாக்கினாள்.

ஒரு நாள் காலை, சவரம் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வாய் கோணி, வலக்கை துவண்டு, பேச்சு நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விசாரித்தபோது, கீரைச் சாற்றைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

“கீரை நல்லதுதாம்மா. ஆனா ரத்தம் உறையறதுக்கு உதவுற சத்து அதுல நிறைய இருக்கு. இந்த மாத்திரை அதுக்கு எதிராத்தான் வேலை செய்யுது. எப்பவும் சாப்பிடற அளவுன்னா மாத்திரையை அதுக்கேத்த மாதிரி வச்சிருப்போம். திடீர்னு இவ்வளவு ஏத்திட்டீங்களே. கேட்டப்பவே சொல்லியிருக்கலாமில்ல?”

“சாப்பாட்டைத்தானே கேட்டாங்க, டாக்டர்... இதை நான் மருந்துன்னுல்ல நெனச்சேன்.”

வார்டுக்குப் போனாள். அவர் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

“நீங்க மாத்திரைய ஒழுங்காத்தான் போட்டீங்க. நான்தான்...”

அவர் தலை அசையவில்லை. திரும்ப முடியவில்லையோ என்று கட்டிலைச் சுற்றிப் போய், ஜன்னலை மறைத்து நின்றாள்.

அவர் கண்களை மூடிக்கொண்டார்.